"வேரோட வந்துடுச்சு டாக்டர்!"

அன்று காலை முதல் டோக்கனே அந்த அம்மாவுக்குத்தான். கஸ்தூரிபா நகரில் இருப்பவர், வயது நாற்பதைத் தொட்டிருக்கும். உட்கார்ந்ததும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பையிலிருந்து நியூஸ்பேப்பரில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். பிரித்தேன். உள்ளே ஒரு கைப்பிடி முடி!

"நேத்து ஒரு நாள்ல கொட்டினது டாக்டர். எண்ணிப் பார்த்தேன். இருநூத்தி எண்பதுக்கு மேல எண்ண முடியல, அழுகை வந்துடுச்சு. எல்லாமே வேரோட வந்திருக்கு, பாருங்க" என்று ஒரு முடியை எடுத்து, அதன் நுனியில் இருந்த குண்டூசித் தலை போன்ற வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

என் மேஜை மேல் இப்படிப் பொட்டலம் வைக்காத மாதமே கிடையாது. பொட்டலம் வைக்கிற ஒவ்வொருவரும் சொல்லும் வாக்கியமும் இதுதான்: "வேரோட வந்துடுச்சு." செடியைப் பிடுங்கினால் வேர் வருகிறது, அப்புறம் அந்த இடத்தில் செடி முளைக்காது, முடியும் அப்படித்தான் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். பயத்துக்குக் காரணமே இந்த ஒப்பீடுதான். அந்த வெள்ளைப் புள்ளி வேர் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் புள்ளி இருப்பதுதான் நல்ல செய்தி. ஏன் என்று புரிய வேண்டுமானால், தோலுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

தோலுக்குள்ளே ஒரு சின்னத் தொழிற்சாலை

தலையில் நாம் சீவிப் பின்னும் முடிக்கு உயிர் கிடையாது. உயிர் இருந்தால் கத்தரிக்கும்போது வலிக்குமே! அது கெராட்டின் என்ற புரதத்தால் ஆன காய்ந்த நார். உயிர் இருப்பது மயிர்க்காலில். தோலில் ஒரு குட்டிக் கிணறு தோண்டியது போல மயிர்க்கால் கீழே இறங்கியிருக்கும். கிணற்றின் அடியில் வெங்காயம் போல ஒரு குமிழ். அந்தக் குமிழின் அடிப்பக்கத்தைக் குடைந்து கொண்டு ஒரு சிறு முனை உள்ளே நுழைந்திருக்கும். அதற்குப் பாப்பில்லா என்று பெயர். ரத்தக் குழாய்கள் வந்து சேர்வதும், 'வளர்' என்றும் 'நிறுத்து' என்றும் உத்தரவு பிறப்பதும் இங்கேதான்.

பாப்பில்லாவைச் சுற்றியிருக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுகிறவற்றில் சேர்ந்தவை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பின்னால் வருவது முன்னால் இருப்பதை மேலே தள்ள, மேலே போகப் போக அவை இறுகிக் காய்ந்து நாராகி வெளியே வருகின்றன. இடியாப்பம் பிழிகிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். கறுப்பு நிறமும் அந்தக் குமிழிலேயே கலக்கப்படுகிறது.

சரி, இந்தக் குமிழ் அழிந்தால்? நான் பாளையங்கோட்டையில் படித்துக் கொண்டிருந்த காலத்தில், முடிக்கு மூலமான விதைச் செல்கள் குமிழிலேயே இருப்பதாகத்தான் நம்பிக்கை. 1990-ல் காட்ஸரேலிஸ், சன், லாவ்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அதை மாற்றிப் போட்டார்கள். எலியின் தோலில் அவர்கள் தேடிப் பார்த்தபோது, மெதுவாகப் பிரியும் அந்த மூலச் செல்கள் குமிழில் இல்லை. அதற்கு நன்றாக மேலே, மயிர்க்காலின் பக்கவாட்டில் ஒரு சின்னப் புடைப்பில் ஒளிந்திருந்தன. குளிரிலோ பயத்திலோ புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்தி வைக்கிறதே ஒரு குட்டித் தசை, அது வந்து ஒட்டுகிற இடம்தான் அது. கீழே இருக்கும் குமிழ் வருவதும் போவதுமாக இருக்கலாம். மேலே இருக்கிற இந்த விதைக் களஞ்சியம் நிரந்தரம். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வளர்வது, ஒடுங்குவது, ஓய்வது

மயிர்க்கால் வாழ்நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதில்லை. அதற்கு மூன்று பருவங்கள். முதலாவது வளர் பருவம், அனாஜன் என்பார்கள். தலையில் இது இரண்டிலிருந்து ஆறு வருஷம் வரை நீடிக்கும். அடுத்தது ஒடுங்கும் பருவம், கேட்டஜன். இரண்டு மூன்று வாரம்தான். மூன்றாவது ஓய்வுப் பருவம், டெலோஜன். ஏறக்குறைய மூன்று மாதம்.

இந்த மூன்றில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரம்தான். ஒரு நாள் உத்தரவு வருகிறது: 'போதும்.' நிறம் கலக்கும் வேலை முதலில் நிற்கிறது. பிறகு மயிர்க்காலின் கீழ்ப்பகுதிச் செல்கள் ஒவ்வொன்றாகத் தங்களைத் தாங்களே அழித்துக் கொள்கின்றன. நோயால் சாவதில்லை, காயத்தால் சாவதில்லை. வீக்கம் கிடையாது, வலி கிடையாது. சினிமா ஷூட்டிங் முடிந்ததும் செட்டைப் பிரித்து எடுக்கிற மாதிரி, ஒழுங்காகக் கலைந்து போகின்றன. மயிர்க்கால் சுருங்கிச் சுருங்கி மேலேறுகிறது. பாப்பில்லாவும் அதோடு இழுபட்டு மேலே வந்து, அந்தப் புடைப்பின் காலடியில் நிற்கிறது. முடியின் அடிநுனி மட்டும் நிறமில்லாத ஒரு சின்ன உருண்டையாக இறுகி, பழைய இடத்தில் சும்மா செருகிக் கொண்டிருக்கும்.

அந்த அம்மா காட்டிய வெள்ளைப் புள்ளி இதுதான்! வேலை முடிந்த முடியின் காய்ந்துபோன அடி. நிறம் கலக்கும் வேலை முன்பே நின்று விட்டதால் வெள்ளை. மயிர்க்காலும் பாப்பில்லாவும் விதைச் செல்களும் தலைக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. ஓய்வு முடிந்ததும் விதைச் செல்கள் விழித்து, மறுபடி கிணறு தோண்டி, புதுக் குமிழ் கட்டி, புது முடியை அனுப்புகின்றன. பழசு விழுந்து விடுகிறது.

மரங்களைப் பாருங்கள். இலவ மரம் ஒரு பருவத்தில் அத்தனை இலையையும் கொட்டி விட்டு மொட்டையாக நிற்கும். மாமரம் வருஷம் பூராவும் ஒன்றிரண்டாகப் பழுத்த இலையை உதிர்த்துக் கொண்டே இருந்தாலும் எப்போதும் பச்சை. பல மிருகங்களின் ரோமம் இலவ மரம் மாதிரி, பருவத்துக்குப் பருவம் கூட்டமாக உதிரும். வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்குச் சோபாவைப் பார்த்தாலே தெரியும். மனிதத் தலை மாமரம். பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள்கூட வேறு வேறு பருவத்தில் இருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்தாயிரம், எப்போதும் ஓய்வில் இருக்கும். ஓய்வு சுமார் நூறு நாள். பத்தாயிரத்தை நூறால் வகுத்தால் நாளைக்கு நூறு. தினம் ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது இயல்பு என்று டாக்டர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் கொத்தாக வருகிறதே என்பீர்கள். மூன்று நாலு நாளாக விழத் தயாராக இருந்தும் விழாமல் தொற்றிக் கொண்டிருந்ததெல்லாம் தேய்க்கிற தேய்ப்பில் ஒரே நாளில் வருகிறது. பழி எண்ணெய்க்கும் சீயக்காய்க்கும். ஐயோ பாவம்!

இன்னொரு கணக்கும் உண்டு. தலைமுடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். வளர் பருவம் ஆறு வருஷம் உள்ள பெண்ணுக்கு எழுபது சென்டிமீட்டர் கூந்தல். மூன்று வருஷம்தான் என்றால் தோளுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். "எவ்வளவு எண்ணெய் தடவினாலும் என் பொண்ணுக்கு முடி இடுப்பைத் தாண்டலையே" என்று வருத்தப்படும் அம்மாக்களே, நீளத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தப் பரம்பரைக் கடிகாரம். புருவ முடியின் வளர் பருவம் சில மாதங்கள்கூடக் கிடையாது. அதனால்தான் புருவத்தை யாரும் பின்னிப் போட முடியவில்லை!

மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

அந்த அம்மாவும் வழக்கம்போல் தண்ணீரைத்தான் குற்றம் சாட்டினார். அடையாறு, திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று எங்கிருந்து வந்தாலும் "போர் தண்ணி டாக்டர், ஒரே உப்பு" என்பார்கள். 2019 கோடையில் சென்னையே காய்ந்தபோது லாரித் தண்ணீர் மேல் பழி. 2013-ல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்து தென்சென்னைக்கு அந்தத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு, "கடல் தண்ணியில குளிச்சா கொட்டாம என்ன செய்யும்?" தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கிறது, புகார் மட்டும் மாறவில்லை. கடினத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், சீவும்போது நடுவில் ஒடியும். ஒடிந்த முடியில் வெள்ளைப் புள்ளி இருக்காது. தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலை ஓய்வுக்கு அனுப்புகிற வேலையைத் தலையில் ஊற்றும் தண்ணீர் செய்வதில்லை.

நான் கேட்டேன்: "அம்மா, மூணு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லாம இருந்துச்சா?"

யோசித்தார். "டெங்கு வந்து ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் இருந்தேன். அது சரியாப் போச்சே டாக்டர். அதுக்கும் இதுக்கும் என்ன?"

சம்பந்தம் இருக்கிறது. கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பெரிய துக்கம், பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைப்பது... இப்படி ஏதாவது வந்தால் உடம்பு சிக்கன நடவடிக்கையில் இறங்கும். உயிர் பிழைக்க முடி தேவையில்லை. வளர் பருவத்தில் இருந்த ஏராளமான மயிர்க்கால்கள் நேரம் வருமுன்பே ஒரே சமயத்தில் ஓய்வுக்கு அனுப்பப்படுகின்றன. ஆனால் அன்றைக்கே முடி விழாது. ஓய்வுப் பருவம் முழுக்க அது தலையிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலை நாம் மறந்தே போன பிறகு, மொத்தமாக விழும். நூற்றுக்குப் பத்து ஓய்வில் இருந்தது முப்பதாகி விட்டால், நூறு என்ற நம் கணக்கு முந்நூறாகிறது. பொட்டலத்தின் கணக்கும் ஏறக்குறைய சரியாக வருகிறது, பார்த்தீர்களா? 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதற்கு டெலோஜன் எஃப்லூவியம் என்று பெயர் வைத்தார்.

2021-ல் கொரோனா இரண்டாவது அலை மே மாதம் சென்னையை உலுக்கியதே, அந்த ஜூலை, ஆகஸ்டில் என் வாசலில் நின்ற கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். ஆண், பெண், காலேஜ் பையன் எல்லோர் கையிலும் பொட்டலம். பாதிப் பேருக்குத் தாங்கள் வழுக்கையாகப் போகிறோம் என்ற பயம். உயிர் பிழைத்த சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க விடாமல் அடித்துவிட்டது அந்தப் பயம்.

பிரசவமான பெண்களுக்கும் இதே கதைதான், வேறு வழியில். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உச்சத்தில் இருப்பதால் முடிகள் ஓய்வுக்குப் போகாமல் வளர்ந்து கொண்டே இருக்கும். 'முழுகாமல் இருக்கும்போது கூந்தல் அடர்த்தி' என்று நாம் ரசிப்பது அதைத்தான். குழந்தை பிறந்ததும் ஹார்மோன் சட்டென்று இறங்க, பாக்கி நின்றவை எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகும். விழுவது மூன்று மாதம் கழித்து. 'குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்' என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தது எவ்வளவு துல்லியம், பாருங்கள். குழந்தை சிரிப்பதும் அந்த மூன்றாம் மாதத்தை ஒட்டித்தானே! காரணம் சிரிப்பு இல்லை. காலக் கணக்கு மட்டும் சரி. குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். பச்சை உடம்புக்காரி அதை நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்தால்தான் ஆபத்து.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வகை உதிர்வு தானாகவே நாலைந்து மாதத்தில் நின்று விடும். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி வைத்தியரைத் தேடி வருகிறார். அப்போது நான் ஒரு தைலம் கொடுத்தாலும் நிற்கும், அழகு நிலையத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு ஆவி பிடித்தாலும் நிற்கும், டி.வி.யில் பார்த்த எண்ணெயை வாங்கித் தடவினாலும் நிற்கும். கடைசியாக எதைத் தடவினார்களோ அதற்குப் பெயர்! எனக்கே இப்படிப் பல தடவை கைராசி டாக்டர் பட்டம் கிடைத்திருக்கிறது. முதலில் சந்தோஷமாக இருந்தது. வயது ஏற ஏறக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆறு மாதம் தாண்டியும் உதிர்ந்து கொண்டே இருந்தால் கதை வேறு. அப்போது எண்ணெயை மாற்றிக் கொண்டிருக்காதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. உடம்பில் இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். இரண்டும் வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து, கையிருப்பு மட்டும் வற்றியிருக்கும் பெண்கள் ஏராளம். மாதவிலக்கில் அதிகம் படும் பெண்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. முருங்கைக் கீரை, சுண்டல், பேரீச்சம்பழம் எல்லாம் நல்லதுதான். ஆனால் நம் வீடுகளில் டிபன் முடிந்த கையோடு டிகிரி காபி! காபியும் டீயும் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காபிக்குப் பதில் ஒரு நெல்லிக்காயோ, சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிவதோ நேர் எதிர் வேலை செய்யும், இரும்பைச் சேர்க்கும். சித்த மருத்துவத்தில் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் இருக்கிறது. அதை மருத்துவர் அளவு சொல்லித்தான் சாப்பிட வேண்டும், நாட்டு மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடக்கூடாது.

பயோட்டின் மாத்திரை பற்றித் தினம் யாராவது கேட்கிறார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் குறைபாடு அபூர்வம். அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் எடுத்தால் தைராய்டு பரிசோதனையின் முடிவே தப்பாக வரலாம். டெஸ்டுக்குப் போகுமுன் லேபில் கட்டாயம் சொல்லி விடுங்கள்.

பென்சில் முனை போல ஒரு முடி

சில வருஷங்களுக்கு முன்னால் இந்திரா நகரிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவரும் பொட்டலம் பிரித்தார். அந்த முடியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைப் புள்ளி இல்லை. அடிப்பக்கம் சீவிய பென்சில் மாதிரி கூர்ந்து ஒடிந்திருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னார். மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கீமோதெரபி முதல் சுற்றுப் போட்டு மூன்று வாரம். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நெருங்குகிறது.

"இந்த ஊசியை நிறுத்திடலாம்னு இருக்கேன் டாக்டர். உங்க வைத்தியத்துலயே பார்த்துக்கறேன். மொட்டைத் தலையோட சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி நிக்க முடியாது."

அடையாறு என்றால் ஊர் உலகத்துக்கு நினைவுக்கு வருவது புற்றுநோய் மருத்துவமனைதான். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் பிறந்த அந்த நிறுவனத்துக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களை, தலையில் துணி கட்டிக் கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்களை, நாங்கள் தினம் பார்க்கிறோம். ஆனால் அந்தத் துணி நம் தலையில் ஏறும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

அவரிடம் நான் படம் வரைந்து காட்டினேன். புற்றுச் செல் என்பது நிற்காமல் வேகமாகப் பெருகுகிற செல். பெருகும் செல்லைத் தேடி அடிப்பதுதான் பல கீமோ மருந்துகளின் வேலை. மயிர்க்கால் குமிழிலும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன என்று முன்பே சொன்னேன் அல்லவா? மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது, அங்கேயும் அடி விழுகிறது. முடியின் அடி மெலிந்து, கூர்ந்து, ஒடிகிறது. தலையில் பத்தில் ஒன்பது முடி வளர் பருவத்தில் இருப்பதால் ஏறக்குறைய அத்தனையும் போகிறது. அதுவும் டெங்குவுக்குப் பிறகு வருவது போல மூன்று மாதம் காத்திருக்காமல் இரண்டு மூன்று வாரத்திலேயே. ஆனால் மேலே புடைப்பில் இருக்கும் விதைச் செல்கள் மெதுவாகப் பிரிகிறவை. வேகமாகப் பெருகுவதைத்தானே மருந்து குறி வைக்கிறது? களஞ்சியம் பெரும்பாலும் தப்பி விடுகிறது. சிகிச்சை முடிந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் புது முடி தலை காட்டும்.

"உங்க முடியைத் திரும்பக் கொண்டு வர விதை உள்ளே இருக்கும்மா. ஊசியை நிறுத்தினா நோய் திரும்பி வர்றதை நிறுத்த என்கிட்ட மருந்து இல்ல" என்றேன். சித்த வைத்தியன் இப்படிச் சொல்லலாமா என்று என் சக வைத்தியர்கள் சிலர் கோபித்துக் கொள்ளலாம். சொல்லத்தான் வேண்டும். கீமோ நடக்கும்போது தலையில் காரமான தைலம் வேண்டாம். தோல் அப்போது புண் மாதிரி இருக்கும். உள்ளுக்குச் சாப்பிடும் மூலிகை எதையும், கஷாயமோ லேகியமோ, புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். சில மூலிகைகள் ஊசி மருந்தோடு மோதும். எல்லாக் கீமோ மருந்துகளிலும் முடி கொட்டாது. எந்த மருந்து, கொட்டுமா, தலையைக் குளிர வைக்கும் தொப்பி வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். அந்தத் தொப்பி உதிர்வைச் சிலருக்குக் குறைக்கிறது. மண்டைக்கு நேரடிக் கதிர்வீச்சு என்றால் மட்டும் முடி முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

அந்த அம்மா ஒரு சவுரியை வைத்துக் கொண்டு நிச்சயதார்த்தத்தை நடத்தினார். எல்லாச் சுற்றையும் முடித்தார். அடுத்த வருஷம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோது தலையில் மூன்று விரல் உயரத்துக்குச் சுருட்டை முடி. "எனக்கு நேர் முடி டாக்டர், இது யாரோடதுன்னே தெரியல" என்றார். முதலில் வரும் முடி இப்படிச் சுருண்டும் நிறம் மாறியும் வருவது உண்டு.

மொட்டை போட்டால்?

முதல் மொட்டை எங்கே என்பது குலதெய்வத்தையும் வேண்டுதலையும் பொறுத்தது. திருப்பதியா, சமயபுரமா, பழனியா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அதில் வைத்தியருக்கு வேலை இல்லை. ஆனால் 'மூணு மொட்டை போட்டால் முடி அடர்த்தியா வரும்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கத்தி தொடுவது உயிரில்லாத நாரை. கிணற்றின் அடியில் இருக்கும் குமிழுக்கு மேலே மொட்டை அடித்த சேதியே போகாது! 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்கப் பெண் உடற்கூறு நிபுணர் ஷேவ் செய்வதால் முடியின் தடிமனும் வேகமும் மாறுகிறதா என்று அளந்து பார்த்து, மாறவில்லை என்று எழுதி விட்டார். அப்படியானால் மொட்டைக்குப் பிறகு தடித்துத் தெரிகிறதே? முடியின் இயற்கை நுனி மெலிந்திருக்கும், வெட்டிய நுனி தட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். அதுதான் வித்தியாசம். கைக்குழந்தையின் பின்மண்டையில் முடி வட்டமாகக் கொட்டுவதும் பெரும்பாலும் இந்த ஓய்வுப் பருவக் கணக்குதான். தலையணையும் தொட்டிலும் கொஞ்சம்தான் காரணம்.

ஆண்களுக்கு வரும் வழுக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். அங்கே மயிர்க்கால் சாவதில்லை, குறுகுகிறது. ஆண் ஹார்மோனின் ஒரு வடிவம், பரம்பரையாக அதற்கு இடம் கொடுக்கும் மயிர்க்கால்களின் வளர் பருவத்தை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டிக் கொண்டே வருகிறது. ஆறு வருஷம் நாலாகி, இரண்டாகி, கடைசியில் சில மாதமாகி, புருவ முடி கூட வெட்கப்படும் பூனை முடிதான் மிஞ்சும். தாய் மாமனைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது பாதிதான் உண்மை, அப்பா வழியையும் பார்க்க வேண்டும். மினாக்ஸிடில் என்ற மருந்து ரத்தக் கொதிப்பு மாத்திரையாக இருந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததால், 1988-ல் அமெரிக்காவில் தலையில் தடவவும் அனுமதி பெற்றது. தடவ ஆரம்பித்த சில வாரத்தில் முடி அதிகமாகக் கொட்டும். பயந்து நிறுத்தி விடுகிறார்கள். ஓய்வில் இருந்த மயிர்க்கால்களை மருந்து சீக்கிரம் எழுப்பி விடுவதால் பழசு விழுகிறது, அவ்வளவுதான். தோல் டாக்டர் சொன்னால் பொறுமையாகத் தொடருங்கள். நிறுத்தினால் பலனும் நின்று விடும்.

அப்படியானால் எண்ணெயே வேண்டாமா என்று கேட்காதீர்கள், அடுத்த மாதம் என் மனைவியே என்னைக் கேள்வி கேட்பாள்! வேண்டும். எண்ணெய் முடி நாரின் தேய்மானத்தையும் ஒடிவதையும் குறைக்கும், தலைத் தோலின் வறட்சியைப் போக்கும். பித்தமும் உடற்சூடும் மிகுந்தால் முடி உதிரும் என்பது எங்கள் சாஸ்திரம். சுரம் வந்து போனபின் கொட்டுவதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் கவனித்திருக்க மாட்டார்களா என்ன? கரிசலாங்கண்ணிச் சாறு வளர் பருவ மயிர்க்கால்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதாக எலிகளில் சில ஆய்வுகள் வந்திருக்கின்றன. மனிதத் தலைக்கு அந்த அளவு உறுதியாக நிரூபிக்க இன்னும் வேலை பாக்கி.

வீட்டில் செய்வது சுலபம். கரிசலாங்கண்ணி இலையை நன்றாக அலசி இடித்துச் சாறு பிழியுங்கள். சாறு எவ்வளவோ அதே அளவு தேங்காய் எண்ணெய். அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். சடசடப்பு அடங்கி, நீர் முழுக்க வற்றியதும் இறக்கி, ஆறியபின் வடிகட்டிப் பாட்டிலில் வைத்துக் கொள்ளலாம். நீர் மிச்சம் இருந்தால் சிக்குவாடை அடித்துக் கெட்டுவிடும். சளி, சைனஸ் தொல்லை உள்ளவர்கள் ராத்திரியில் தடவ வேண்டாம்.

எண்ணெயை நம்பி நாள் கடத்தக் கூடாத இரண்டு நிலைகள் உண்டு. காசு அளவு வட்டமாக, வழவழவென்று முடி போனால் அது புழுவெட்டு. பெயர்தான் புழு, புழு எதுவும் கடிக்கவில்லை. உடம்பின் காவல் செல்களே மயிர்க்காலைத் தாக்குகின்றன. பெரும்பாலும் திரும்ப முளைக்கும் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளூர் ஆசாமி சொன்னார் என்று பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக் கொண்டு வராதீர்கள். இரண்டாவது, முடி போன இடத்தில் மயிர்க்கால் துவாரமே தெரியாமல் தழும்பு போலப் பளபளத்தால், எரிச்சலோ சீழோ இருந்தால், அந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள். அங்கே அழிந்து கொண்டிருப்பது அந்தப் புடைப்பில் இருக்கும் விதைக் களஞ்சியம். அது போனால் எந்தத் தைலமும் முளைக்க வைக்காது.

பொட்டலம் கொண்டு வந்த கஸ்தூரிபா நகர் அம்மாவுக்கு ஃபெரிட்டின் குறைவாக இருந்தது, சரி செய்தோம். ஐந்து மாதம் கழித்து மறுபடி வந்தார், புதுப் புகாரோடு. முன் நெற்றி ஓரமாகக் குட்டிக் குட்டியாக முடி நட்டுக் கொண்டு நிற்கிறதாம், எண்ணெய் வைத்துச் சீவினாலும் படியவே மாட்டேன் என்கிறதாம். "இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா டாக்டர்?" என்றார்.

ஹேர்பின் குத்திக் கொள்ளச் சொன்னேன்.